பில்லில் 25, குடோனில் 26: சரக்குக் கணக்கைச் சீராக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நெல்லைப் பக்கம் ஒரு மொத்தக் கடையிலோ அரிசி ஆலையிலோ புதிதாகக் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சேர்ந்த முதல் வாரமே முதலாளி கேட்டிருப்பார்: "ஏல, சிஸ்டத்துல 112 சிப்பம்னு காட்டுது. குடோன்ல எண்ணுனா 97தான் கிடக்கு. மிச்சம் எங்கடே போச்சு?"

உங்களுக்கு வியர்த்திருக்கும். யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று தோன்றியிருக்கும். பெரும்பாலும் யாரும் தூக்கியிருக்க மாட்டார்கள். அந்தப் பதினைந்து அரிசிச் சிப்பமும் வேறு பெயரிலோ, வேறு அளவிலோ, இன்னும் பதிவேறாத ஒரு சலானிலோ ஒளிந்திருக்கும்.

நானும் இப்படித்தான் தொடங்கினேன். பாளையங்கோட்டைப் பக்கம் ஓர் அரிசி வியாபாரியிடம் பில் போடும் வேலை. முதல் மூன்று மாதம் இரவு எட்டு மணிக்கு மேல் உட்கார்ந்து கணக்கைத் துடைத்துக்கொண்டிருப்பேன். இரண்டு வாரத்தில் மறுபடி அழுக்கு சேர்ந்துவிடும். ஒருநாள் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நீ ஃபேனுக்கு அடியில உக்காந்து எத்தன தடவ திருத்துனாலும், இங்க வண்டியில இருந்து தப்பு இறங்கிக்கிட்டுல்லா இருக்கு தம்பி." டேட்டா தரம் பற்றி நான் கேட்ட பாடங்களில் அதுதான் உருப்படியானது. கீழே உள்ளதெல்லாம் அந்த ஒரு வரியின் விரிவு.

முதல் வாரம்: வாசலில் நில்லுங்கள்

மென்பொருளைத் திறக்க வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு, காலையில் லாரி வரும் நேரத்துக்குக் குடோன் வாசலுக்குப் போய்விடுங்கள். டிரைவர் என்ன காகிதம் கொடுக்கிறார், எடைச்சீட்டு யார் கைக்குப் போகிறது, இறக்கிய மூட்டையை யார் எண்ணுகிறார்கள், எண்ணியதை எதில் குறிக்கிறார்கள், அந்தச் சீட்டு எத்தனை மணிக்குக் கணினிக்கு வருகிறது. இவற்றை எழுதுங்கள்.

நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள். ஒன்றில் ஆட்கள் வாயில் வரும் பெயர், மற்றதில் பில்லில் இருக்கும் பெயர். லோடுமேன் "குண்டு அரிசி" என்பார், ஆலை பில்லில் "ஏ.எஸ்.டி. 16" என்றிருக்கும், வாங்க வரும் கடைக்காரர் "அம்பை 16" என்று கேட்பார். மூன்றும் அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து வந்த ஒரே ரகம்தான். கணினியில் அது மூன்று பொருளாக இருந்தால், ஒன்றில் இருப்பு ஏறிக்கொண்டே போகும், இன்னொன்றில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும்.

பூஜ்யத்துக்குக் கீழே இறங்குவதற்கு இன்னொரு காரணமும் அங்கேயே தெரியும். வண்டி காலை ஆறு மணிக்கு இறங்குகிறது. பத்து மணிக்கெல்லாம் பாதி விற்றுவிடுகிறது. வரவுச் சீட்டு உங்கள் மேசைக்கு வருவதோ மாலை நான்கு மணிக்கு. இடைப்பட்ட பத்து மணி நேரமும் சிஸ்டம் பொய் சொல்கிறது. இதை எண்ணித் திருத்த முடியாது. சீட்டு நடக்கும் பாதையைத்தான் மாற்ற வேண்டும். எங்கள் இடத்தில், எடைச்சீட்டைக் கையில் வாங்கிய உடன் வாசலிலேயே போனில் படமெடுத்து அனுப்பச் சொன்னோம். பதிவு அரை மணி நேரத்தில் ஏறத் தொடங்கியது. செலவு எதுவும் இல்லை.

பொருள் பட்டியல்

பயிற்சி வகுப்புகளில் துல்லியம், முழுமை, ஒருமை, நேரத்தவறாமை என்று ஆறேழு குணங்களை வரிசையாகச் சொல்லிக்கொடுப்பார்கள். தப்பில்லை. ஆனால் குடோனுக்குள் போனால், பாதித் தொல்லை ஒரே இடத்தில்தான் இருக்கும்: பொருள் பட்டியல். மாஸ்டர் என்று சொல்வார்கள். நேரத்தில் பெரும்பகுதியை அங்கேயே செலவழியுங்கள்.

முழுப் பட்டியலையும் எக்செலில் இறக்கி, அகர வரிசையில் அடுக்கிப் பாருங்கள். இரட்டைப் பதிவுகள் பல்லைக் காட்டும். உடனே சேர்த்துவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

நான் ஒரு தடவை "இட்லி அரிசி" என்ற பதிவையும் "அம்பை 16" என்ற பதிவையும் ஒன்றாக்கிவிட்டேன். அம்பை 16 இட்லிக்குப் போடும் குண்டு ரகம்தானே என்று நினைப்பு. ஆனால் அந்தக் கடையில் இட்லி அரிசி என்ற பெயரில் வெளியூரில் இருந்து வேறொரு ரகமும் வந்துகொண்டிருந்தது. விலை வேறு, வாங்குகிற ஆள் வேறு. இரண்டு வருட விற்பனைக் கணக்கு ஒரே குவியலாகிவிட்டது. பிரிப்பதற்குப் பழைய பில் கட்டுகளைத் தரையில் பரப்ப வேண்டியதாயிற்று. ஆகவே சேர்ப்பதற்கு முன்னால் குடோனுக்குப் போய் இரண்டு சாக்கிலும் கைவிட்டு ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். விற்பனையில் இருக்கும் அண்ணாச்சியிடம் கேளுங்கள். சேர்த்தே ஆக வேண்டும் என்றால், சேர்க்கும் முன் ஒரு பேக்கப் எடுத்து வையுங்கள். பழைய பதிவை அழிக்காமல் "பயன்பாட்டில் இல்லை" என்று நிறுத்தி வைப்பது எப்போதும் நல்லது.

பெயர் வைப்பதற்கு ஒரே வரிசையைக் கடைப்பிடியுங்கள்: பொருள், ரகம், புழுங்கலா பச்சையா, பருவம், சிப்ப எடை. பருவத்தை ஏன் சேர்க்கிறேன் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு போகம் உண்டு. பழைய அரிசியா புது அரிசியா என்பதை வைத்துச் சோறு மாறும், விலையும் மாறும். இது தெரியாத மென்பொருள் அமைப்பாளர் அந்தக் கட்டத்தை வைக்கவே மாட்டார்.

வாயில் வரும் பெயர்களைத் தூக்கி எறியாதீர்கள். டாலி போன்ற மென்பொருள்களில் மாற்றுப் பெயருக்கென்றே ஓர் இடம் உண்டு. முதல் வாரத்து நோட்டில் எழுதிய "குண்டு அரிசி" அங்கே போகட்டும். லோடுமேனை "ஏ.எஸ்.டி." என்று சொல்லப் பழக்குவதைவிட, கணினியைக் "குண்டு அரிசி" புரிந்துகொள்ளப் பழக்குவது எளிது.

குறியீட்டு எண்ணுக்குள் அர்த்தத்தைத் திணிக்காதீர்கள். ஆலையின் பெயர், ஊர், ரகம் எல்லாவற்றையும் சுருக்கி ஒரு குறியீடு செய்வார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆலை மாறிய அன்று அந்தக் குறியீடு பொய்யாகிவிடும். 1001, 1002 என்று வெறும் எண் போதும்.

அளவு: மூட்டை என்ற பொல்லாத சொல்

"மூட்டை" என்று எங்காவது எழுதியிருந்தால், எத்தனை கிலோ மூட்டை என்று கேளுங்கள். சர்க்கரை 50 கிலோ. அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ. வியாபாரியின் நெல் மூட்டை 60 ஆகவும் இருக்கும், 75 ஆகவும் இருக்கும். வயதானவர்கள் நெல்லைக் கோட்டைக் கணக்கில் சொல்வார்கள். கோட்டையும் மரக்காலும் முகத்தல் அளவு, எடை அளவல்ல. ஈர நெல்லும் காய்ந்த நெல்லும் ஒரே மரக்காலில் வேறு வேறு எடை நிற்கும். ஆகவே "ஒரு கோட்டைக்கு இத்தனை கிலோ" என்று மாஸ்டரில் நிரந்தரமாக ஒரு மாற்று எண்ணைப் போட்டுவிடாதீர்கள். கோட்டையைக் குறிப்பில் எழுதுங்கள், எடைமேடையில் வந்த கிலோவைப் பதிவு செய்யுங்கள்.

இப்போது முதலாளியின் பதினைந்து சிப்பத்துக்கு வருவோம். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை உள்ள, முன்கூட்டியே பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. அதற்குப் பிறகு சந்தையில் 26 கிலோ சிப்பம் பெருகியது. பல கடைகளில் பொருள் பட்டியல் மட்டும் 25 கிலோவிலேயே நின்றுவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆலை 375 சிப்பம் அனுப்புகிறது. பில் எடையில் வருகிறது: 9,750 கிலோ. அதை அப்படியே வரவு வைக்கிறீர்கள். 375 சிப்பமும் விற்றுப்போகிறது. விற்பனைப் பில் சிப்பக் கணக்கில். மாஸ்டரில் சிப்பம் 25 கிலோ என்பதால் 9,375 கிலோதான் கழிகிறது. குடோன் காலி. சிஸ்டத்தில் 375 கிலோ மிச்சம், அதாவது 15 சிப்பம். ஒருவரும் திருடவில்லை.

25 கிலோ சிப்பமும் 26 கிலோ சிப்பமும் இரண்டு தனிப் பொருள். வரியும் வேறு என்பதால் இதில் சோம்பலுக்கு இடமே இல்லை.

அடிப்படை அளவு ஒன்று வேண்டும். தானியத்துக்குக் கிலோ. வாழைக்காய் தாரில் வந்து கிலோவில் போகும், அப்பளம் கட்டில் வந்து பாக்கெட்டில் போகும். இரண்டு அளவையும் வைத்துக்கொள்ளலாம். இருப்பு மட்டும் ஒன்றில்தான் நிற்க வேண்டும். தாருக்கு நிரந்தர எடை கிடையாது, வந்த அன்றைய எடைதான். சாக்கு எடைக் கழிவையும் மறக்காதீர்கள். மொத்த எடை, சாக்கு எடை, நிகர எடை என்று மூன்று கட்டம் இருக்கட்டும். சணல் சாக்கும் பிளாஸ்டிக் சாக்கும் ஒரே கழிவு அல்ல.

ஆட்கள் பட்டியல்

நம் பக்கம் இசக்கிமுத்து, சுடலைமுத்து, பேச்சிமுத்து என்றால் ஒரு தெருவிலேயே நாலு பேர் இருப்பார்கள். பெயரை வைத்து ஆளைப் பிரிக்க முடியாது. ரத வீதியும் அப்படித்தான்: திருநெல்வேலி டவுணிலும் உண்டு, சங்கரன்கோவிலிலும் உண்டு. கைபேசி எண்ணோ ஜிஎஸ்டி எண்ணோதான் அடையாளம்.

ஜிஎஸ்டி எண்ணைச் சோதிப்பது எளிது. மொத்தம் 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலம்: தமிழ்நாட்டுக்கு 33, கேரளத்துக்கு 32. அடுத்த பத்தும் அந்த நிறுவனத்தின் பான் எண். கடைசி எழுத்து சரிபார்ப்புக்கு. செங்கோட்டை வழியாகக் கேரளத்துக்குச் சரக்கு அனுப்புகிறவர்கள் கவனியுங்கள்: ஒரே பான், ஆனால் ஒன்று 33, மற்றது 32 என்று இருந்தால், அது இரட்டைப் பதிவு அல்ல. ஒரே முதலாளியின் இரு மாநிலப் பதிவு. சேர்த்துவிட்டால் வரி தவறாகப் போகும்.

வங்கியின் ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் 11 எழுத்து, ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அங்கே "ஓ" என்ற ஆங்கில எழுத்தை அடித்துவிட்டுப் பணம் போகவில்லை என்று அழைப்பார்கள்.

பின்கோடை வைத்து மாவட்டத்தைத் தானாக நிரப்பும் சூத்திரம் யாராவது எழுதியிருந்தால் எடுத்துவிடுங்கள். தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமாகிவிட்டது. ஆனால் 627 என்ற தொடக்கம் திருநெல்வேலி, தென்காசி இரண்டுக்கும் பொதுவாகவே இருக்கிறது. பழைய முகவரிகளில் சங்கரன்கோவிலும் புளியங்குடியும் இன்னும் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் கிடக்கின்றன.

ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் எழுதுவது தனிக் கூத்து. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி ஆணை வெளியிட்டு, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. அரசுக்கே அந்தப் பாடு என்றால் உங்கள் டைப்பிங் தங்கையைக் குறை சொல்லிப் பயனில்லை. ஊரைக் கையால் அடிக்க விடாமல், பட்டியலில் இருந்து தேர்ந்தெடுக்க வையுங்கள்.

தமிழில் அடித்தால் பிரச்சினை தீர்ந்தது என்றும் நினைக்க வேண்டாம். "கௌரி ஸ்டோர்" என்று ஒருவர் அடிப்பார், இன்னொருவர் நடுவில் ளகரத்தைப் போட்டு "கெளரி ஸ்டோர்" என்று அடிப்பார். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு இரண்டு கடை. கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்டி "கொ" எழுதியிருந்தாலும் சில மென்பொருளில் தேடல் சிக்காது. இருக்கிறது என்று தெரிந்த பெயர் தேடலில் வரவில்லை என்றால், முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். யுனிகோடுக்கு முந்திய பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் இருந்தால், யுனிகோடுக்கு மாற்றிவிட்டு வரி வரியாகப் படித்துப் பார்த்த பிறகே ஏற்றுங்கள்.

தெரியாத கட்டத்தில் பொய்யை நிரப்பாதீர்கள். பத்து ஒன்பதுகளைப் போன் எண்ணாகப் போட்ட பதிவுகளை ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். கட்டாயக் கட்டங்கள் அதிகமாக இருப்பதுதான் காரணம். விவசாயியிடம் ஜிஎஸ்டி எண் இல்லை என்றால் அந்த இடம் வெறுமையாகவே இருக்கட்டும். வெறும் கட்டத்தைத் தேடிப் பிடிக்கலாம். பொய்யான எண்ணைப் பிடிக்க முடியாது.

எக்செல் செய்யும் குறும்பு

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன்னால் பூஜ்யம் உள்ள கணக்கு எண்ணில் அந்தப் பூஜ்யம் உதிரும். 15 இலக்கத்துக்கு மேற்பட்ட எண்ணில் மிச்சமெல்லாம் பூஜ்யமாகிவிடும். 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் 12 இலக்க ஈ-வே பில் எண்ணும் புள்ளி வைத்த சுருக்க வடிவத்துக்கு (1.23E+11 போல) மாறும். 3-4 என்று அடித்தால் தேதியாகும், அது ஏப்ரல் மூன்றா மார்ச் நான்கா என்பது கணினியின் அமைப்பைப் பொறுத்தது. அடிப்பதற்கு முன்பே அந்தப் பத்தி முழுவதையும் எழுத்து (டெக்ஸ்ட்) வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். அடித்த பிறகு மாற்றினால் போனது திரும்பாது.

எண்ணுவது, குறைவதை ஒப்புக்கொள்வது

வருடக் கடைசியில் குடோனைப் பூட்டி எல்லாவற்றையும் எண்ணுகிற வழக்கம் உண்டு. அதில் கிடைக்கும் வித்தியாசம் எந்த மாதத்தில் எப்படி வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக எண்ணுங்கள். அதிகப் பணம் முடங்கும் பொருளை வாரம் ஒருமுறை, நடுத்தரமானதை மாதம் ஒருமுறை, மற்றதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை. முதல் வண்டி வருவதற்கு முன் எண்ணுங்கள். எண்ணுகிறவரிடம் சிஸ்டத்தில் உள்ள எண்ணைக் காட்டாதீர்கள். காட்டினால் அதே எண்தான் திரும்பி வரும்.

வித்தியாசம் எல்லாமே தவறு அல்ல என்பதையும் முதலாளிக்குப் புரிய வைக்க வேண்டும். 20 சதவீத ஈரம் உள்ள நெல் 100 கிலோ வாங்கி, 14 சதவீதத்துக்குக் காயவைத்தால் சுமார் 93 கிலோதான் நிற்கும். ஏழு கிலோ வெயிலில் போனது. கருப்பட்டி மழைக்காலத்தில் ஈரம் இழுத்துக் கசியும். இதற்கெல்லாம் கணக்கில் ஓர் இடம் வேண்டும். இல்லாவிட்டால் ஆட்கள் எண்ணைத் திரித்துச் சரிக்கட்டுவார்கள், குற்றம் சொல்ல முடியாது.

திருத்தப் பதிவு போடும்போது காரணத்தைத் தேர்ந்தெடுக்க வையுங்கள்: காய்ச்சல் கழிவு, சாக்குக் கிழிசல், எலி, சிப்ப எடைக் குழப்பம், தாமதப் பதிவு. "இதர" என்று ஒன்றை வைத்தால் எல்லாரும் அதையே அமுக்குவார்கள். நான் வைப்பதில்லை. ஒரு மாதம் கழித்து எந்தக் காரணம் அதிகம் என்று பார்த்தால் அடுத்து எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்துவிடும். எங்களுக்கு அது எலி என்று நினைத்திருந்தோம். தாமதப் பதிவுதான் முதலில் நின்றது.

எத்தனை நாளில் வரும்

ஒரு பொருளை எப்போது மறுபடி சொல்லி விடுவது என்று கணினி கணக்குப் போடுவது சாதாரணப் பெருக்கல்தான். தினமும் 40 சிப்பம் விற்கிறது, சொன்னால் மூன்று நாளில் வரும், வரத் தாமதமானால் சமாளிக்கக் கைக்காவலுக்கு 60. ஆக 180-க்கு இறங்கியதும் ஆர்டர். உண்மையில் ஐந்து நாள் ஆகிறது என்றால் 260-லேயே சொல்லியிருக்க வேண்டும். மாஸ்டரில் உள்ள "மூன்று நாள்" யாரோ வேலைக்குச் சேர்ந்த அன்று ஊகித்துப் போட்டதாக இருக்கும். சொன்ன தேதி, ஏற்றிய தேதி, இறங்கிய தேதி மூன்றையும் பதியுங்கள். சராசரியோடு நிற்காமல், மிகவும் தாமதமான தடவையையும் பாருங்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் மழை நம் ஆட்களுக்கு மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணி கரைபுரண்டு ஸ்ரீவைகுண்டம் பக்கம் துண்டிக்கப்பட்டது. அந்த நேரத்தில் நான் இருந்த இடத்தில் எங்கள் வண்டிகள் எங்கே நிற்கின்றன என்று கேட்க முடியவில்லை. பட்டியலில் இருந்ததெல்லாம் அலுவலக லேண்ட்லைன் எண்கள். டிரைவர் எண் எங்கேயும் இல்லை. வாடிக்கையாளர் கடை ஆற்றுக்கு வடகரையா தென்கரையா என்று முகவரியைப் பார்த்துச் சொல்லத் தெரியவில்லை. இப்போது நான் வேலை செய்யும் பட்டியல்களில் "கரை" என்று ஒரு கட்டம் உண்டு. வெளியூர் ஆலோசகர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு என்ன இது என்று கேட்டார். வெள்ளம் வந்தால் தெரியும் அண்ணாச்சி என்றேன்.

யார் தொடலாம்

புதிய பொருள் திறக்கும் உரிமை ஒரே ஆளிடம் இருக்கட்டும், அவர் இல்லாத நாளுக்கு இன்னொருவர். பில் போடுகிற அவசரத்தில் ஆளாளுக்குப் புதுப் பொருள் திறந்தால் நீங்கள் செய்த வேலையெல்லாம் பதினைந்து நாளில் பாழ். திறக்கச் சொல்லிக் கேட்டால் பத்து நிமிடத்தில் திறந்து கொடுங்கள். இழுத்தடித்தால் வேறொரு பொருளின் பெயரில் பில் போட்டுவிடுவார்கள்.

குடோன் வாசலில் ஒரு கரும்பலகை மாட்டுங்கள். சனிக்கிழமை மாலை நாலு எண் எழுதுங்கள்: எண்ணியதில் எத்தனை பொருள் ஒத்துப்போனது, எத்தனை பொருள் பூஜ்யத்துக்குக் கீழே கிடக்கிறது, எத்தனை சீட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதம், புதிதாக எத்தனை இரட்டைப் பெயர். மேலாளர் அறைக்குள் மாட்டாதீர்கள். மூட்டை சுமக்கிறவர்கள் டீ குடிக்கிற இடத்தில் மாட்டுங்கள். நாங்கள் மாட்டிய இரண்டாவது வாரம் அந்தப் பெரியவர் பலகையைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "தம்பி, செவ்வாக்கிழமை வந்த லோடுல நாப்பது சிப்பம் பழைய சாக்குல்லா. அதுல 25 கிலோதான் நிக்கும். நீ 26-னு போட்டுருப்ப, போய்ப் பாரு." போய்ப் பார்த்தேன். 26 என்றுதான் போட்டிருந்தேன்.